கோச்சை வைத்துக்கொள்வதா, வழியனுப்புவதா?

பாஸ்டன் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். பேஸ்பால் சீசன் முடிந்து, ரெட் சாக்ஸ் தோற்றுவிட்டால் ஆபீஸில் காபி மெஷின் பக்கத்தில் ஒரே பேச்சுதான்: "மேனேஜரை வெச்சுக்கலாமா, தூக்கிடலாமா?" (நம்ம ஆபீஸ் மேனேஜரைப் பற்றி இல்லீங்க. அதையெல்லாம் இவ்வளவு சத்தமாகப் பேச முடியாது :-)) பேஸ்பாலில் மேனேஜர் என்றால் நம்ம ஊர் ஃபுட்பால் கோச் மாதிரி. யாரை இறக்குவது, யாரை எப்போது வெளியே எடுப்பது எல்லாம் அவர் கையில்தான்.

இந்த ஊர்க்காரர்கள் அலுக்காமல் சொல்கிற கதை 2003-ல் நடந்தது. அப்போது மேனேஜர் கிரேடி லிட்டில். 2002-ல் 93 ஆட்டங்கள், 2003-ல் 95 ஆட்டங்கள் ஜெயித்துக் கொடுத்தவர். ஜென்ம விரோதியான யாங்கீஸுடன் ஏழாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் 5-2 என்று முன்னிலை. பந்து வீசிய பெட்ரோ மார்ட்டினஸ் களைத்துவிட்டார் என்று டிவி பார்த்த பாட்டிமாருக்குக்கூடத் தெரிந்தது, லிட்டில் மட்டும் அவரை மாற்றவில்லை. ஸ்கோர் சமமாகி, பதினோராவது இன்னிங்ஸில் ஆரன் பூன் அடித்த ஒரே அடியில் எல்லாம் முடிந்தது. அந்த மாதமே லிட்டிலுக்கு வேலை போனது. டெர்ரி ஃபிரான்கோனா வந்தார். 2004-ல் கோப்பை, அதுவும் 1918-க்குப் பிறகு முதல் தடவை! "பாத்தியா, தூக்கினதாலதான் ஜெயிச்சோம்" என்பது இங்கே வேதவாக்கு.

ஆனால் அதே இடைவெளியில் ஷில்லிங், ஃபோல்க் என்று இரண்டு பெரிய பந்துவீச்சாளர்களும் புதிதாக வந்து சேர்ந்தார்கள். கோப்பைக்கு எது காரணம் என்று யார் பிரித்துச் சொல்வது? எனக்கு இந்தச் சந்தேகம் வருவதற்குக் காரணம் நான் வளர்ந்த இடம்.

எனக்கு ஊர் பெங்களூர், மர்பி டவுன். அல்சூர் ஏரிக்கும் இந்திரா நகருக்கும் நடுவில் இருக்கிற கன்டோன்மென்ட் ஏரியா. தெருவுக்குத் தெரு தமிழ். கொஞ்சம் தள்ளி, தம்பிகள் என்றே பட்டாளத்தில் பெயர் வாங்கிய எம்.ஈ.ஜி. சிப்பாய்களின் முகாம். இன்னொரு பக்கம் கௌதமபுரம், பீலேவுக்குச் சிலை வைத்த ஊர். எங்கள் பக்கத்தில் பையன் நடக்க ஆரம்பித்தால் முதலில் உதைப்பது பந்தைத்தான். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியா போட்ட ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். அதனால் கோச் பஞ்சாயத்து எங்களுக்கு ஒன்றும் புதிதில்லை.

முதலில் பழைய கதை. ஹைதராபாத்தில் சையத் அப்துல் ரஹீம் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார். 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு ஃபுட்பால் தங்கம் வாங்கிக் கொடுத்த கோச். மறு வருஷம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ். யூகோஸ்லாவியாவிடம் 10-1! (அந்த ஒரு கோலை அடித்த அஹமத் கானும் பெங்களூர்தான். அதில் மட்டும் எங்களுக்குக் குறைச்சல் இல்லை.) குளிரில், நம்ம ஆட்கள் பலர் வெறுங்காலில் விளையாடினார்கள். பத்து கோல் வாங்கிய கோச்சை அனுப்ப வேறு என்ன காரணம் வேண்டும்?

ஆனால் 1956-ல் மெல்போர்னுக்கு அணியைக் கூட்டிப்போனவர் அதே ரஹீம். இந்த முறை பூட்ஸோடு. ஆஸ்திரேலியாவை 4-2 என்று ஜெயித்து நான்காம் இடம். 1962-ல் ஜகார்த்தா. முதல் ஆட்டமே தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. ஃபைனலில் அதே தென்கொரியாவை 2-1 என்று அடித்துத் தங்கம். தலையில் அடிபட்டிருந்த டிஃபெண்டர் ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்கு அனுப்பி கோல் அடிக்க வைத்தார் ரஹீம். அப்போது அவருக்கே கேன்சர். 1963 ஜூனில் காலமானார். 1952 ஸ்கோரை மட்டும் பார்த்து மூட்டை கட்டியிருந்தால் 1956-ம் இல்லை, 1962-ம் இல்லை.

அடுத்தது எங்கள் ஊர் கிளப், பெங்களூரு எஃப்.சி. 2013-ல் ஆரம்பித்த கிளப்புக்கு முதல் கோச் ஆஷ்லி வெஸ்ட்வுட் என்கிற இங்கிலாந்துக்காரர். முதல் சீசனிலேயே ஐ-லீக் சாம்பியன்! இரண்டாவது சீசனில், 2015 மே 31 அன்று, கண்டீரவா ஸ்டேடியத்தில் மோகன் பகானை ஜெயித்தால் மறுபடி கோப்பை. ஜான் ஜான்சன் கோல் போட்டு 1-0. 87-வது நிமிஷம் பகானின் பெல்லோ ரசாக் தலையால் முட்டி 1-1, கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விட்டது. மூன்று நிமிஷம் தாக்குப்பிடித்திருந்தால் மேதை, பிடிக்காததால் தோற்ற கோச். அதே ஆள், அதே வேலை.

கிளப் அவரை வைத்துக்கொண்டது. 2016-ல் மறுபடி சாம்பியன். வேடிக்கை என்னவென்றால், ஜெயித்த பிறகுதான் ஒப்பந்தம் முடிந்து பிரிந்தார்கள். அடுத்து வந்த ஆல்பர்ட் ரோகா அந்த வருஷமே ஏ.எஃப்.சி. கோப்பை ஃபைனலுக்குக் கொண்டுபோனார். இந்திய கிளப் எதுவும் அதுவரை தொடாத இடம். ஆனால் குரூப் சுற்றையும், அதற்கடுத்து ஹாங்காங்கில் கிட்சி கிளப்புடனான நாக் அவுட் ஆட்டத்தையும் ஜெயித்துக் கொடுத்துவிட்டுப் போனவர் வெஸ்ட்வுட். பாதி ரோடு ஒருவர் போட்டது, மீதி ரோடு இன்னொருவர் போட்டது. பெயர் மட்டும் ஒருவருக்கு.

"அப்போ யாரையும் அனுப்பவே கூடாதா?" என்று கேட்பீர்கள். அப்படியும் இல்லை. சைமன் கிரேசன் 2022-ல் டுராண்ட் கோப்பை வாங்கிக் கொடுத்தார், 2023 மார்ச்சில் ஐ.எஸ்.எல். ஃபைனலில் பெனால்டியில் தோற்றார். தொடர்ந்து வைத்துக்கொண்டார்கள். ஆனால் ஜிங்கன், ராய் கிருஷ்ணா போன்றவர்கள் கிளப்பை விட்டுப் போயிருந்தார்கள். டிசம்பருக்குள் கிரேசனும் போனார். நடு சீசனில் வந்த ஜெரார்ட் சரகோசாவால் உடனே ஒன்றும் செய்ய முடியவில்லை, 12 அணிகளில் பத்தாவது இடம். அவரைத் தூக்கியிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். தூக்கவில்லை. 2024-25 சீசனின் முதல் ஆட்டத்தில் கிளப்பிலேயே வளர்ந்த வினீத் வெங்கடேஷ் என்ற சின்னப் பையனை இறக்கினார், அவன்தான் ஒரே கோலையும் அடித்தான். அந்த சீசனில் மூன்றாம் இடம், ஃபைனலில் மோகன் பகானிடம் கூடுதல் நேரத்தில் 2-1 தோல்வி.

இதையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். சீசன் முடிவில் கேட்க வேண்டிய கேள்வி "ஜெயிச்சாரா?" இல்லை. ஏன் தோற்றோம் என்று அவருக்குப் புரிந்ததா? புரிந்ததால் ஒன்றையாவது மாற்றினாரா, ரஹீம் வெறுங்காலிலிருந்து பூட்ஸுக்கு வந்த மாதிரி? அவர் கையில் வளர்ந்த பையன் ஒருத்தனாவது இருக்கிறானா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் பத்தாவது இடமானாலும் வைத்துக்கொள்ளலாம். மூன்றுக்கும் இல்லை என்றால் கோப்பையோடு நின்றாலும் கைகுலுக்கி அனுப்பிவிடலாம். இதே அளவுகோலில் கிரேடி லிட்டில் பாஸா ஃபெயிலா என்பதை உங்களிடமே விடுகிறேன். இங்கே அதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக வாழ முடியாது.

இதை ஏன் நம் வீடுகளில் பேச வேண்டும்? வருஷக் கடைசியில் நமக்கும் ஒரு அப்ரைசல் வருகிறது. பதினோரு மாச வேலையை மறந்துவிட்டு, போன வாரம் கவிழ்ந்த ஒரே ஒரு ரிலீஸை வைத்து எடை போடுகிறார்கள். கோச்சுக்கு வேலை போனால் பேப்பரில் வரும், அடுத்த கிளப் கூப்பிடும். எச்-1 விசாவில் இருக்கிறவனுக்கு அறுபது நாள்தான். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

அதனால் வீட்டில் டிவி முன்னால் "தூக்குடா அவனை!" என்று நாம் கத்தும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் ஆளை எடை போடுவது எப்படி என்று கற்றுக்கொள்கிறார்கள். நாளைக்கு நம் ரிப்போர்ட் கார்டையும் அவர்கள்தான் எழுதப் போகிறார்கள். கடைசி மூன்று நிமிஷத்தை மட்டும் பார்க்காதே, முழு சீசனையும் பார் என்று இப்போதே சொல்லி வைப்பது நமக்குத்தான் நல்லது :-)