அண்டங்காக்கைத் தாய்: ஜெர்மனியில் பெற்றவளின் பிம்பம்

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று தமிழ் சொல்ல, ஜெர்மன் மொழியோ பிள்ளையைப் பேணாத பெண்ணை 'ராபன்முட்டர்', அதாவது அண்டங்காக்கைத் தாய், என்று ஏசுகிறது. பிள்ளையைத் தத்துக் கொடுத்தவள் அந்நாட்டுத் திரையிலும் இதழ்களிலும் நெடுங்காலம் இந்த ஏச்சின் நிழலிலேயே நின்றாள். சில வேளை அந்த நிழலிலிருந்தும் காணாமற்போனாள்.

1952-இல் வெளிவந்த 'டோக்சி' திரைப்படம் இதற்குத் தக்க சான்று. போருக்குப் பின் அமெரிக்கக் கறுப்பினப் படைவீரர்களுக்கும் ஜெர்மன் பெண்களுக்கும் பிறந்த குழந்தைகளில் மூத்தவர்கள் பள்ளியில் சேர்ந்த ஆண்டு அது. படத்தில், பிறந்தநாள் விருந்து நடக்கும் ஒரு வசதியான வீட்டின் வாசலில் அத்தகைய சிறுமி ஒருத்தி விடப்படுகிறாள். விட்டுச் சென்றவள் நோயுற்ற பாட்டி, தாயோ இறந்துவிட்டவள், முடிவில் தந்தை அமெரிக்காவிலிருந்து வந்து சேர்கிறான். உண்மையில் அக்குழந்தைகளில் பெரும்பாலோர் தாயிடமோ தாய்வழி உறவினரிடமோ வளர்ந்தார்கள். ஊர்ப்பேச்சைத் தாங்கிக்கொண்டு பிள்ளையை வளர்த்தவளுக்கும், தாங்க முடியாமல் கடல்கடந்து தத்து அனுப்பியவளுக்கும் அந்தத் திரைக்கதையில் இடம் கிடைக்கவில்லை.

1975 டிசம்பரில் 'டெர் ஷ்பீகல்' வார இதழ், கிழக்கு ஜெர்மனியிலிருந்து தப்ப முயன்ற பெற்றோரின் பிள்ளைகள் பறிக்கப்பட்டுத் தத்துக் கொடுக்கப்படுவதை வெளிப்படுத்தியது. அதன் கிழக்கு பெர்லின் செய்தியாளர் உடனே வெளியேற்றப்பட்டார். 'கட்டாயத் தத்து' என்ற சொல் பரவ, பெற்றவள் முதன்முறையாகப் பறிகொடுத்தவளாகக் காட்டப்பட்டாள். அந்த இரக்கம் மெய்யானதே. ஆனால் வறுமையாலும் வீட்டாரின் நெருக்கடியாலும் கையெழுத்திட்ட மேற்கு ஜெர்மன் தாயை அது எட்டவில்லை என்பது வருந்தத்தக்கது.

அவளுடைய நிலையை 1977 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் வரையறுத்தது. அதுவரை ஒப்பந்தமாக இருந்த தத்து, பிறந்த குடும்பத்தோடு உறவை முற்றாக அறுக்கும் நீதிமன்ற ஆணையாக மாறியது. குழந்தைக்கு எட்டு வாரம் நிறைந்த பின்னரே தாய் நோட்டரி முன் இசைவு தரலாம். தந்தபின் திரும்பப் பெற இயலாது. சட்டம் 'இசைவு' என்று சொன்னதை நாளிதழ்கள் 'விடுவித்தல்' என்றும், தெருப்பேச்சு 'கொடுத்துவிடுதல்' என்றும் வழங்கின. கிறிஸ்டீன் ஸ்வீன்டெக் 1982-இல் இத்தகைய தாய்மாரைப் பற்றி வெளியிட்ட நூலுக்கு, 'நான் என் குழந்தையைக் கொடுத்துவிட்டேன்' என்று பொருள்படும் தலைப்பை இட்டார். பிறர் வாயில் பழியாக இருந்த வினை, தன்மையிடத்தில் வந்தபோது வாக்குமூலமாயிற்று.

பெயர் சொல்லாமல் பிள்ளையை விட்டுச்செல்ல, சேலத்தில் 1992-இல் தமிழ்நாடு அரசு வைத்த தொட்டிலை ஒத்த 'குழந்தைச் சாளரம்' ஹாம்பர்க்கில் 2000-இல் திறக்கப்பட்டது. பெயரற்ற தாய் மீண்டும் செய்தியானாள். 2014 மே 1 முதல் 'இரகசியப் பிரசவம்' சட்டமாயிற்று. தாய் புனைபெயரில் பிள்ளை பெறுகிறாள்; அவளது உண்மைப் பெயரும் பிறந்த தேதியும் முகவரியும் முத்திரையிட்ட உறையில் கொலோன் நகரின் கூட்டாட்சி அலுவலகத்தில் வைக்கப்படுகின்றன. பதினாறு வயதில் பிள்ளை அதைக் கேட்டுப் பெறலாம். முதல் உறைகளுக்கு அந்த வயது 2030-இல் வருகிறது.