அனுசேப நோய்த்தொகுதியில் விரதமும் தேகாப்பியாசமும்

இடைச்சுற்று (தென்னாசிய ஆடவர்க்கு 90, பெண்டிர்க்கு 80 சென்ரிமீற்றர்), குருதி அமுக்கம், வெறுவயிற்றுக் குளுக்கோசு, திரைகிளிசரைட்டு ஆகியன மிகுதலும் நற்கொலஸ்திரோல் குறைதலுமாகிய ஐந்தனுள் மூன்று ஒருவரிடம் கூடியிருப்பது அனுசேப நோய்த்தொகுதி எனப்படும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடம் அமைந்த கொக்குவிலில், ஐப்பசிக் கந்தசஷ்டியின் ஆறு நாளும் உபவாசமிருந்து, ஏழாம் நாட்காலையில் வாழையிலையிற் சோறும் கறியும் பாயசமும் படைத்துப் பாறணை செய்வோர் இன்றும் உளர். பக்தியின் பொருட்டான அவ்விரதம் சிகிச்சையன்று; எனினும், உணவொழிந்த வேளையில் இன்சுலின் தாழ, சேமித்த கொழுப்பு எரியத் தொடங்குமென்னும் அதே உடற்றொழிலே, ஆகாரத்தை நாளில் 8 முதல் 10 மணிநேரத்துள் அடக்கி இந்நோய்த்தொகுதியைத் தணிக்க முயலும் இடைவிட்ட விரதத்திற்கும் ஆதாரமாகும். எடை குறைப்பதில் அது வழக்கமான உணவுக் கட்டுப்பாட்டினும் பெரிதும் சிறந்ததன்று. வாரம் 150 நிமிட விரைநடையோ, தசையைக் குளுக்கோசை ஏற்கச் செய்தலால், எடை குறையாவிடினும் பயன்தரும். இன்சுலினோ கிளிபென்கிளமைட்டு என்னும் நீரிழிவு மாத்திரையோ கொள்பவர், வைத்தியரைக் கேட்டு மருந்தளவை மாற்றாது நோன்பிருந்து நடக்கப் புகின், குருதிச் சீனி சடுதியில் வீழ்ந்து மயங்க நேருமென்பதை இங்கு வற்புறுத்தல் அவசியம்.