குருகுல தாவரவியல் சரணாலயம்

குருகுல தாவரவியல் சரணாலயம் என்பது கேரள மாநிலத்தின் வயநாடு மாவட்டத்தில், பெரியா என்னும் ஊருக்கு அருகில் அமைந்துள்ள தாவரப் பாதுகாப்பு மையம் ஆகும். 1981 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இம்மையம், மேற்குத் தொடர்ச்சி மலையில் அழிவை எதிர்நோக்கும் தாவரங்களைத் தேடிக் கொணர்ந்து, உயிருடன் வளர்த்துப் பேணி வருகிறது. இது அரசு நிறுவனமோ பல்கலைக்கழகத் துறையோ அன்று. சுற்றுப்புற ஊர்களைச் சேர்ந்தவர்களின், குறிப்பாகப் பெண்களின், உழைப்பினால் நடைபெறும் ஒரு சமூகத் தோட்டமாகும்.

வரலாறு

இதனைத் தொடங்கிய வொல்ஃப்காங் தொயர்காஃப் ஜெர்மனியில் பிறந்தவர். இந்தியா வந்த இவர் நடராஜ குருவின் சீடரானார். நாராயண குருவின் சீடரான நடராஜ குரு, 1923 இல் நீலகிரியிலுள்ள பெர்ன்ஹில்லில் நாராயண குருகுலத்தை நிறுவியவர். சரணாலயத்தின் பெயரிலுள்ள 'குருகுலம்' அதனையே குறிக்கிறது. வயநாட்டுக் காடுகள் தோட்டப்பயிர்களுக்காக வெட்டப்படுவதைக் கண்ட தொயர்காஃப், அங்கு அழிந்துகொண்டிருந்த செடிகளைத் தம் இடத்திற்குக் கொண்டுவந்து வளர்க்கலானார். அவர் 2014 இல் காலமானார்.

விதை வங்கி ஏன் போதாது?

அரிய தாவரங்களின் விதைகளைச் சேமித்துவைத்தால் போதாதா என்ற கேள்வி இயல்பாகவே எழும். நெல் போன்றவற்றின் விதையை உலர்த்தி, சுமார் -18 பாகை செல்சியசில் வைத்தால் பல ஆண்டுகள் முளைப்புத்திறன் குன்றாமல் இருக்கும். ஆனால் மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதைகள் இவ்வாறு உலர்த்தினால் இறந்துவிடும். நமக்கு நன்கு அறிமுகமான பலாக்கொட்டையே இதற்கு எடுத்துக்காட்டு. பலாவின் தாயகம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியே என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஆர்க்கிட் விதைகளின் நிலை வேறு. தூசி போன்ற அவ்விதைகளில் உணவுச் சேமிப்பு இல்லை. குறிப்பிட்ட பூஞ்சைகளின் துணையின்றி அவை இயற்கையில் முளைப்பதில்லை. கணினிக் கோப்பைப் போல ஒரு நகலை எடுத்து வைத்துவிட்டு மறந்துவிட இங்கு வழியில்லை. இத்தகைய தாவரங்களை உயிருள்ள செடியாகவே வைத்துக் காக்க வேண்டியுள்ளது; அதற்கு நாள்தோறும் ஆள் வேண்டும். இக்காரணத்தால், பணியாளர்களின் கைப்பழக்கமும் நினைவாற்றலுமே இச்சரணாலயத்தின் முதன்மையான சொத்து எனலாம்.

பணிகள்

சாலை அமைக்கும் இடங்கள், வெட்டப்பட்ட காடுகள், முறிந்து விழுந்த கிளைகள் ஆகியவற்றிலிருந்து செடிகள் மீட்கப்படுகின்றன. மரத்தின் மேல் வாழும் தொற்றுத்தாவரங்களுக்கு இது மிகவும் முக்கியம். தாங்கிநின்ற மரம் வீழ்ந்தால், நிழலும் ஈரமும் மாறிவிடுவதால், அவையும் பெரும்பாலும் மடிந்துபோகும். மீட்கப்பட்ட செடிக்கு அதன் பழைய வாழிடத்தை ஒத்த நிழல், ஈரம், மண் அல்லது மரப்பட்டை அமைத்துத் தரப்படுகிறது. எது எங்கு பிழைக்கும் என்பதைப் பலமுறை முயன்றே கண்டறிய வேண்டியிருக்கிறது.

பெரணிகள், பாசிகள், ஆர்க்கிட்டுகள், காசித்தும்பைப் பேரினத் தாவரங்கள் ஆகியவை இங்குள்ள தொகுப்பில் குறிப்பிடத்தக்கவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் காசித்தும்பை இனங்களுள் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் காணப்படாதவை. மென்மையான, நீர் நிறைந்த தண்டுடைய இவை வறட்சியைத் தாங்குவதில்லை. இங்கு வளரும் தாவரங்களுள் பலவற்றுக்கு மருத்துவப் பயனோ சந்தை மதிப்போ அறியப்படவில்லை. பயன் என்ன என்று கேட்காமலேயே பேணப்படுவது இத்தோட்டத்தின் சிறப்பாகும். மூலிகைத் தோட்டங்களில் இந்நிலையைக் காண்பது அரிது.

செடிகளைத் தொட்டியில் காப்பதோடு, மரம் இழந்த நிலத்தில் காடு தானே மீளவும் வழிசெய்யப்படுகிறது. பல இடங்களில் இதற்குத் தேவைப்பட்டது நடவு அன்று. வெட்டாமலும் மேய்க்காமலும் விட்டுவைத்தலே. பள்ளி மாணவர்கள் இங்கு தங்கிக் கற்கும் நிகழ்ச்சிகளும் நடத்தப்பட்டுள்ளன.

ஆதரவும் ஏற்பும்

நன்கொடைகள் இதன் செலவுகளுக்கு உதவுகின்றன. இங்கு நெடுங்காலம் பணியாற்றிய சுப்ரபா சேஷனுக்கு 2006 இல் பிரித்தானியாவின் விட்லி விருது வழங்கப்பட்டது. இத்தகைய விருதுகளால் வெளியுலகின் கவனம் கிடைத்தாலும், நாற்றங்காலுக்கு நீர் ஊற்றுவோரின் ஊதியம் ஆண்டு முழுவதும் தேவைப்படும் செலவாகும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் கண்டறியப்பட்ட காசித்தும்பை இனமொன்றுக்குத் தொயர்காஃபின் நினைவாக இம்பேசன்ஸ் தொயர்காஃபியானா என்று பெயரிடப்பட்டுள்ளது.