எண்ணூறு சொற்களும் ஒரு குகையும்

அமெரிக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ படிக்கும் ஒரு மாணவி உடால் உதவித்தொகை கேட்க விரும்பினால், எண்ணூறு சொல்லுக்குள் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும். மோரிஸ் உடாலோ அவருடைய அண்ணன் ஸ்டூவர்ட் உடாலோ ஆற்றிய ஓர் உரை, எழுதிய ஒரு நூல், கொண்டுவந்த ஒரு சட்டம், இவற்றில் ஏதாவது ஒன்றை அவள் எடுத்துக்கொள்ளலாம். அது தன் துறையில் என்ன மாற்றத்தை உண்டாக்கியது, தன் படிப்புக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எழுத வேண்டும். நினைவு உதவித்தொகைகளில் பெரும்பாலானவை இப்படிக் கேட்பதில்லை. இறந்தவரின் பெயர் விண்ணப்பப் படிவத்தின் உச்சியில் அச்சாகியிருக்கும். பணம் வாங்குகிறவருக்கு அவர் யாரென்று தெரிந்துகொள்ளும் தேவை கடைசிவரை வராது.

இங்கே இந்தியாவில் இன்லாக்ஸ் சிவ்தாசானி அறக்கட்டளை, பறவையியல் ஆய்வாளர் ரவி சங்கரன் பெயரில் ஓர் உதவித்தொகைத் திட்டம் நடத்துகிறது. (சிதார் மேதையின் பெயர் நினைவுக்கு வரும், இவர் வேறு.) இயற்கைப் பாதுகாப்பும் சூழலியலும் படிக்கும் இந்தியர்களுக்கான திட்டம் அது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், செத்தவரை நினைப்பதில் இத்தனை வேறுபாடு இருக்க முடியுமா என்று தோன்றுகிறது.

மோரிஸ் உடால் முழுக்க முழுக்க அரசியல்வாதி. அரிசோனாவில் 1922ல் பிறந்தவர். ஆறு வயதில் வலது கண் போயிற்று. ஒற்றைக் கண்ணோடு டென்வர் அணிக்குத் தொழில்முறைக் கூடைப்பந்து ஆடினார். அண்ணன் ஸ்டூவர்ட் கென்னடி அரசில் உள்துறைச் செயலரானதும், காலியான அவர் தொகுதியில் 1961ல் வென்று தம்பி நாடாளுமன்றம் போனார். 1976ல் அதிபர் வேட்பாளராக முயன்று ஜிம்மி கார்ட்டரிடம் தோற்றார். அந்தத் தேர்தலில் ஒரு முடிதிருத்தகத்துக்குள் நுழைந்து, தான் அதிபர் தேர்தலில் நிற்பதாக அறிமுகம் செய்துகொண்டாராம். அதைப் பற்றித்தான் காலையில் சிரித்துக்கொண்டிருந்தோம் என்று கடைக்காரர் சொன்னாராம். தன்மேல் விழுந்த இந்த அடியை ஊர் ஊராகச் சொல்லிச் சிரிக்க வைத்தவர் அவர்தான்.

அவருடைய பெரிய சாதனை அலாஸ்காச் சட்டம். 1980 டிசம்பர் 2 அன்று கார்ட்டர் கையெழுத்திட்டார். பத்துக் கோடி ஏக்கருக்கு மேல் நிலம் பாதுகாப்புக்குள் வந்தது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் பரப்பு இரட்டிப்பானது. ஆனால் அந்த வெற்றியின் உள்கதை வேறு. உடால் முன்னின்ற கடுமையான மசோதா கீழவையில் தேறிவிட்டது. மேலவை அதைத் தளர்த்தி ஒரு மசோதா தந்தது. நவம்பரில் நடந்த அதிபர் தேர்தலில் கார்ட்டரை ரீகன் வென்றார். இனிக் காத்திருந்தால் இருப்பதும் போய்விடும் என்று கணக்குப் போட்டு, மேலவையின் மசோதாவையே உடால் ஏற்றுக்கொண்டார். மனத்துக்குப் பிடிக்காததை ஏற்றதால்தான் அந்தக் காடுகள் தப்பின.

அவர் கணக்கில் கறையும் உண்டு. அறுபதுகளில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் அணைகள் கட்டும் திட்டத்துக்கு அண்ணனும் தம்பியும் ஆதரவாக நின்றார்கள். எதிர்ப்புக் கிளம்பி அணைகள் கைவிடப்பட்டன. கொலராடோ ஆற்று நீரைப் பாலைவனத்துக்குக் கொண்டுபோகும் கால்வாய்த் திட்டம் மட்டும் 1968ல் சட்டமாயிற்று. சொந்த மாநிலத்தின் தாகத்தையும் ஆற்றையும் ஒரே ஆள் தலையில் சுமந்த கதை இது. எண்ணூறு சொல் எழுதும் மாணவி அலாஸ்காவைத் தேர்ந்தெடுக்கலாம், கால்வாயையும் தேர்ந்தெடுக்கலாம். என்னைக் கேட்டால் கால்வாயை எடுப்பவளுக்குத்தான் இரண்டு மதிப்பெண் கூடப் போடுவேன்.

பார்க்கின்சன் நோயால் தளர்ந்து 1991ல் உடால் பதவி விலகினார். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி அவர் பெயரில் அறக்கட்டளையை உருவாக்கியது. 1996ல் முதல் உதவித்தொகைகள் தரப்பட்டபோதும் அவர் உயிரோடுதான் இருந்தார். 1998 டிசம்பரில் இறந்தார். பிறகு 2009ல் ஸ்டூவர்ட் பெயரும் சேர்ந்தது. அவரும் அப்போது இருந்தார், சில மாதம் கழித்து மறைந்தார். ஆள் இருக்கும்போதே நினைவுச் சின்னம் எழுப்புவது நமக்குச் சற்று உறுத்தும். உடால் அறக்கட்டளை அரசின் அமைப்பு. எனவே நடைமுறையும் அரசு நடைமுறைதான். மாணவர் நேராக விண்ணப்பிக்க முடியாது, கல்லூரி பரிந்துரைக்க வேண்டும். ஐயாயிரம் டாலரில் தொடங்கி ஏழாயிரமாக உயர்ந்த தொகை, அமெரிக்கக் கல்லூரிச் செலவுக்கு முன்னால் பெரிதல்ல. தேர்வானவர்களை டூசான் நகருக்கு அழைத்துச் சில நாள் ஒன்றாகத் தங்க வைக்கிறார்கள். பூர்வகுடி மாணவர்களில் பழங்குடி நிர்வாகம், மருத்துவம் படிப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். காடு, ஆறு, பழங்குடி எல்லாம் அவர் நடத்திய நாடாளுமன்றக் குழு ஒன்றின் கீழேயே வந்தவை. உதவித்தொகையும் அதே எல்லையை எடுத்துக்கொண்டது.

இனி ரவி சங்கரன். 1963ல் பிறந்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் இருந்தபடி வரகுக்கோழியையும் அதன் உறவான வங்காள வரகுக்கோழியையும் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். மழைக்காலப் புல்வெளியில் ஆண் வரகுக்கோழி பெட்டையைக் கவர ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தடவை எழும்பிக் குதிக்கும். அதை எண்ண ஒருவர் புல்லுக்குள் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்துக்கு வந்தார். வேலை பெரும்பாலும் அந்தமான், நிக்கோபார் தீவுகளில். 2004 ஆழிப்பேரலை நிக்கோபாரின் கரையோரக் காட்டை அடித்துப்போட்டபோது, மணலையும் சருகையும் மேடாகக் குவித்து முட்டையிடும் மெகபோடுப் பறவைகளில் எத்தனை மிஞ்சின என்று பார்க்கப் போனவர்களில் அவரும் ஒருவர்.

அவர் பெயர் சொன்னால் நினைவுக்கு வர வேண்டியது உழவாரன் குகைகள். எச்சிலால் வெள்ளைக் கூடு கட்டும் ஓர் உழவாரன் இனம் அந்தமான் சுண்ணாம்புக் குகைகளில் வாழ்கிறது. அந்தக் கூட்டைச் சூப்பாக்கி உண்பவர்கள் கிழக்காசியாவில் இருக்கிறார்கள். விலை சொல்ல வேண்டியதில்லை. முட்டையோ குஞ்சோ பார்க்காமல் கூடு பிய்க்கப்பட்டதால், பத்தாண்டுக்குள் எண்பது விழுக்காட்டுக்கு மேல் பறவைகள் குறைந்துபோனதை ரவி சங்கரன் கணக்கெடுத்துச் சொன்னார். வனத்துறையின் வழக்கமான மருந்து தடை, காவல், வழக்கு. அவர் வேறு வழி பார்த்தார். வடக்கு அந்தமானின் சாலிஸ் ஏக் குகைகளில், கூடு பிய்த்துப் பழகியவர்களையே காவலுக்கு அமர்த்தினார். குஞ்சு பறந்த பின் கூட்டை எடுத்தால் பறவைக்கு நட்டமில்லை, எடுப்பவனுக்குப் பறவை நிலைத்திருப்பதே லாபம் என்பது அவர் வாதம். இடையில் அந்தப் பறவை காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் போயிற்று. அதன்பின் கூட்டைத் தொட்டாலே குற்றம் என்றாயிற்று. காப்பதற்காக எழுதப்பட்ட பட்டியலிலிருந்து ஒரு பறவையை வெளியே எடுங்கள் என்று, அதைக் காக்க உழைத்த அவரே வாதாட வேண்டியதாயிற்று.

2009 ஜனவரி 17 அன்று, ஆனைகட்டி மையத்தின் இயக்குநராக இருந்தபோது, மாரடைப்பில் இறந்தார். நாற்பத்தைந்து வயது.

அவர் பெயரிலான திட்டத்தில் வெளிநாட்டில் முதுநிலைப் படிப்புக்கு உதவி உண்டு. வெளிநாட்டு அமைப்புகளில் குறுகிய காலம் பயிற்சி பெற வழி உண்டு. இந்தியாவுக்குள் களப்பணி செய்யச் சிறு மானியமும் உண்டு. முதலாவதைப் பார்த்தால் எனக்கு ஒரு நெருடல். பம்பாயில் பட்டம் வாங்கி, புல்வெளியிலும் தீவிலும் காலம் கழித்தவர் பெயரைச் சொல்லி மாணவரை விமானம் ஏற்றுகிறோம். போகட்டும், திரும்பி வந்தால் சரி. இங்கே முதுநிலையில் காட்டுயிரியல் சொல்லித்தரும் இடங்கள் கைவிரலுக்குள் அடங்கிவிடும் என்பதும் உண்மை. ஆனால் அவருடைய நிறம் ஒட்டியிருப்பது அந்தச் சிறு மானியத்தில்தான். கூடாரம், படகு வாடகை, வழிகாட்டிக்குக் கூலி, மழைக்கோட்டு. களம் போகும் இளைஞருக்கு இதற்குப் பணம் தருபவர்கள் குறைவு.

ஆக, உடால் பெயரால் பணம் பெறுபவர் உடாலைப் படித்துவிட்டு வருகிறார். ரவி சங்கரன் பெயரால் பணம் பெறுபவர், அவர் எழுதிய ஒரு வரியைக் கூடப் படிக்காமலேயே அவரைப் போல வேலை செய்ய முடியும். நாடாளுமன்றத்தில் பேசியவரைச் சொல்லாலும், புல்லில் உட்கார்ந்தவரைக் காலாலும் நினைப்பது பொருத்தம்தான் என்று விட்டுவிடலாமா? எனக்கு மனம் வரவில்லை. உடால் திட்டத்தில் நான் பொறாமைப்படுவது பணத்துக்கோ நாடாளுமன்ற முத்திரைக்கோ அல்ல, அந்த எண்ணூறு சொற்களுக்குத்தான். உழவாரன் வாதம் இன்னும் முடியவில்லை. யானைத் தடத்தில் வாழை போட்டவர், ஆமை முட்டை எடுப்பவர், தேனெடுக்கக் காட்டுக்குள் போகும் பழங்குடி, இவர்கள் எல்லாரிடமும் அதே கேள்விதான் வந்து நிற்கிறது: தடுப்பதா, சேர்த்துக்கொள்வதா? நாளைக்கு வனத்துறைக்குள் போகப்போகும் ஒரு மாணவர், அந்தக் குகையில் காவலுக்கு அமர்ந்தவர்களைப் பற்றி எண்ணூறு சொல் எழுதிவிட்டுப் பணம் வாங்கிக்கொள்ளட்டுமே. ரவி சங்கரன் தவறு என்று எழுதினாலும் கொடுக்கலாம்.