பங்குனி வெயிலில் விளைந்தது

மாசி முடிந்து பங்குனி பிறந்தால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிராமங்களில் வயலில் வேலை குறையும், வீட்டில் வேலை கூடும். தென்மேற்குப் பருவ மழையின் பெரும்பகுதியை மேற்கே நிற்கும் மலை தடுத்துக்கொள்ளும். நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். இடைப்பட்ட வெயிலை நம் வீட்டுப் பெண்கள் வீணாக்கியதில்லை. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் நிலமும், தொழுவில் ஒரு பசுவும், கொல்லையில் ஒரு முருங்கையும் வைத்திருந்த குடும்பங்கள் அடுத்த பங்குனி வரை எப்படிச் சாப்பிடும் என்பதை இந்த இரண்டு மாத வெயில்தான் தீர்மானித்தது. 1950களிலும் 60களிலும் இப்பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும்.

முதலில் புளி. உலுக்கிய புளியைத் திண்ணையில் குவித்து, அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைத் தட்டி எடுப்பார்கள். பிறகு உப்பைத் தூவி, மண் பானையில் அடுக்கடுக்காக அமுக்கி வைப்பார்கள். கொட்டையும் வீணாகாது. வியாபாரி வந்து அளந்து வாங்கிப்போவார். புளியங்கொட்டை மாவு நெசவில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சிக்கு உதவும். நம் அடுப்படிக்குப் புளி, தறிக்குக் கொட்டை என்று ஒரே மரம் இரண்டு தொழிலுக்குப் பயன்பட்டது.

அடுத்தது வத்தல். முதல் நாள் ஊற வைத்து அரைத்த அரிசி மாவு இரவில் புளித்திருக்கும். விடிவதற்கு முன்பே பெரிய பாத்திரத்தில் உப்பும் சீரகமும் பச்சை மிளகாயும் சேர்த்துக் கூழ் காய்ச்சுவார்கள். கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டுவதற்குள் தோள்பட்டை விட்டுப்போகும். வெயில் ஏறுமுன் நனைத்த பழைய வேட்டியை விரித்துக் கரண்டியால் ஊற்றி முடித்துவிட வேண்டும். காக்காயை விரட்டும் வேலை பிள்ளைகளுக்கு. மோர் மிளகாய்க்குப் பொறுமை வேண்டும்: இரவில் உப்பு மோரில் ஊறும், பகலில் காயும், மறுபடி அதே மோரில் ஊறும், மோர் வற்றித் தீரும்வரை. சீனியவரைக்காய், சுண்டைக்காய், மிதுக்கங்காய் என எல்லாமே வத்தலாகும். உதிர்ந்த வேப்பம்பூவையும் கூட்டிப் பொறுக்கிக் காய வைப்பார்கள்.

மலையடிவாரத் தோப்புகளில் காற்றுக்கு மாங்காய் உதிரும் காலமும் இதுவே. சிறு பிஞ்சுகள் மாவடு ஆகும். அடிபட்ட காய்கள் கீறி உப்பிட்டு மாவத்தல் ஆகும். ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் வீடுகளில் ஆவக்காய் ஜாடிகள் நிறையும்.

இவை போக அன்றாட வேலை இருக்கும். தொழுவைக் கூட்ட வேண்டும், சாணம் தட்ட வேண்டும், கரிசல் காட்டில் பருத்தி எடுத்த பிறகு பருத்திமார் பிடுங்கி மழைக்கு முன் விறகாக அடுக்க வேண்டும். நடுவில் பங்குனி உத்திரம் வரும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் திருக்கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்றால் அதற்கு முந்தைய இரண்டு நாள் வேலையையும் சேர்த்து முடித்தாக வேண்டும்.

1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதன்பின் பஞ்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வீட்டுக்கு மாதச் சம்பளம் வந்தது. ஆனால் சம்பளம் வந்ததும் வத்தல் நின்றுவிடவில்லை. ஆலைச் சங்கு ஊதுமுன் தூக்குவாளியில் போன பழைய சோற்றுக்குத் துணை அந்த மோர் மிளகாய்தான். மாதக் கடைசியில் காய் வாங்கக் காசு இல்லாதபோது, அடைமழையில் சந்தை கூடாதபோது, குழம்பு பானைப் புளியிலும் டப்பா வத்தலிலும்தான் நடந்தது. குறைந்த கூலியில் குடும்பம் தாக்குப்பிடித்ததற்கு இந்த வெயில்கால உழைப்பும் ஒரு காரணம். ஆலைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதையும் ஒரு வரி எழுத வேண்டும்.

அரசாங்கக் கணக்கில் இந்த உழைப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை மட்டும் செய்கிறவர் ‘வேலை செய்யாதவர்’. 1991இல்தான் நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ கூலியின்றிச் செய்யும் வேலையும் வேலைதான் என்று கேள்வியிலேயே சேர்த்தார்கள். 2001இல் வீட்டுத் தேவைக்கு மட்டும் பால் உற்பத்தி செய்வதும் வேலையானது. பால்கோவாவுக்குப் பெயர்பெற்று, 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில், விடியற்காலையில் மாட்டடியில் உட்கார்ந்த பெண்ணுக்கு வேலை உண்டு என்று எழுத இத்தனை காலம் ஆனது.

ஐக்கிய நாடுகள் சபையின் 1993ஆம் ஆண்டுத் தேசியக் கணக்கு முறை இன்னொன்று சொல்கிறது. வீட்டுக்காகவே உணவுப் பொருளை உலர்த்திப் பதப்படுத்தி வைத்தால் அது உற்பத்தி. அதையே எடுத்துச் சமைத்துப் பரிமாறினால் உற்பத்தி இல்லை! வத்தல் போட்டால் கணக்கில் வரும், வத்தல் குழம்பு வைத்தால் வராது. இந்த விதியைக் கேட்டால் நம் பாட்டிமார் சிரித்திருப்பார்கள்.

1998-99இல் மத்திய அரசு ஆறு மாநிலங்களில் யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று சோதனையாகக் கணக்கெடுத்தது. அதில் தமிழ்நாடும் ஒன்று. 2019இல் அது நாடு முழுக்க நடந்தது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் அதற்குக் கொடுத்தார்கள் என்று தெரிந்தது. மிக்ஸியும் கேஸ் அடுப்பும் வந்த பிறகான கணக்கு இது. ஆட்டுக்கல்லும் விறகடுப்பும் இருந்த பங்குனியை யாரும் அளக்கவில்லை.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. புகையில் கண் எரிந்ததும், மிளகாய் இடித்துக் கை காந்தியதும் அவர்களுக்குத்தான். இன்று மருமகள் கடையில் வத்தல் பாக்கெட் வாங்கினால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எண்பது தாண்டிய அம்மாவோ அத்தையோ பெரியம்மாவோ இருக்கும் வீடுகளில், ஒரு வருடத்துக்கு எத்தனை படி அரிசிக்கு வத்தல் போட்டார்கள், எத்தனை தூக்குப் புளி உடைத்தார்கள், எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று இந்தச் சித்திரைக்குள் கேட்டு எழுதி வையுங்கள். அளவு அவர்களுக்கு மனப்பாடம். அவர்கள் போய்விட்டால் அந்தக் கணக்கு வேறெங்கும் கிடைக்காது.