பதின்மூன்று தோல்விகளுக்குப் பிறகு

1969 சீசனில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி 14 ஆட்டங்கள் ஆடியது. முதல் ஆட்டத்தில் டெட்ராய்ட் லயன்ஸை 16–13 என்று வென்றது. மிச்சமிருந்த 13 ஆட்டங்களிலும் வரிசையாகத் தோற்றது. அந்த ஆண்டுதான் பொறுப்பேற்றிருந்த தலைமைப் பயிற்சியாளர் சக் நாலுக்கு வயது 37. இப்படியொரு கணக்கோடு வருஷத்தை முடித்தவரைப் பல ஊர்களில் கிறிஸ்துமஸுக்கு முன்பே பெட்டி கட்டச் சொல்லியிருப்பார்கள். பிட்ஸ்பர்க்கில் சொல்லவில்லை. நால் மேலும் 22 சீசன்கள் அதே வேலையில் இருந்தார். லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் நான்கு கோப்பைகளைக் கொண்டுவந்தார்.

இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் ஸ்டீலர்ஸ் கதையை 1972 டிசம்பரில் ஃபிராங்கோ ஹாரிஸ் பிடித்த ஒரு பந்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அவர் குனிந்து பந்தைப் பிடிக்கும் சிலையை விமான நிலையத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் சிலைக்குப் பக்கத்திலேயே வைத்த ஊர் இது. எனக்கோ அந்தப் பந்தைவிட அதற்கு முந்தைய மூன்று வருஷங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

நான் இங்கே குடிவந்தபோது ஹோம்ஸ்டெட் எஃகாலையை மூடியாகிவிட்டது. என்னோடு வேலைபார்த்த பெரியவர் ஒருவர் அந்த ஆலையில் இருந்தவர். முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற இந்த ஆட்டத்தை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் காகிதத் தட்டில் கோடு போட்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். கோப்பைகளைப் பற்றி அதிகம் பேசமாட்டார். அதற்கு முந்தைய தோல்விகளைத்தான் பெயர் பெயராகச் சொல்வார். கேட்கக் கேட்க, ஒரு அணியை எப்படிக் கெடுப்பது என்பதற்கு முழுப் பாடத்திட்டமே அதில் இருக்கிறதே என்று தோன்றும்.

ஆர்ட் ரூனி 1933-ல் 2,500 டாலர் கட்டணம் செலுத்தி இந்த அணியைத் தொடங்கினார். குதிரைப் பந்தயத்தில் கெட்டிக்காரர். ஊரார் அவரை 'சீஃப்' என்று அழைத்தார்கள். பந்தயக் குதிரையைக் கணித்த அளவுக்கு அவருடைய ஆட்கள் ஆட்டக்காரர்களைக் கணிக்கவில்லை. உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்தபோது 1943-ல் ஃபிலடெல்ஃபியா அணியோடு சேர்ந்து ஆடினார்கள். 1944-ல் சிகாகோ கார்டினல்ஸோடு சேர்ந்து ஆடிப் பத்து ஆட்டங்களிலும் தோற்றார்கள். சீசன் முடிந்து நடக்கும் பிளேஆஃபில் 1947-ல் ஒரே ஒரு ஆட்டம். அதிலும் ஒரு புள்ளிகூட எடுக்காமல் 21–0 என்று தோல்வி. அடுத்த பிளேஆஃபுக்கு 25 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

கையில் வந்ததை நழுவவிட்ட கதைகள் இன்னும் வேடிக்கை. ஜானி யூனிடஸ் பிட்ஸ்பர்க் பையன். 1955 டிராஃப்டின் ஒன்பதாவது சுற்றில் எடுத்து, சீசன் தொடங்கும் முன்பே அனுப்பிவிட்டார்கள். அவர் பால்டிமோர் போய் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர், ஆனார். 1957-ல் ஓட்டக்காரர் ஜிம் பிரவுன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, குவாட்டர்பேக் லென் டாசனை எடுத்தார்கள். அடுத்த வாய்ப்பிலேயே கிளீவ்லேண்ட் பிரவுனைக் கொத்திக்கொண்டது. சரி, டாசனையாவது வைத்துக்கொண்டார்களா? அவரையும் கொடுத்துவிட்டார்கள், பின்னாளில் கான்சஸ் சிட்டிக்குச் சூப்பர் பவுல் வென்று தந்தார். 1965-ன் முதல் சுற்று வாய்ப்பு சிகாகோ பியர்ஸிடம் கைமாறியிருந்தது. அந்த வாய்ப்பில் சிகாகோ எடுத்த ஆள் டிக் பட்கஸ், தடுப்பாட்ட லைன்பேக்கர்களில் ஒரு சகாப்தம்.

டிராஃப்ட் என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். கல்லூரியில் ஆடி முடித்த இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு அது. போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. 1969-ல் மொத்தம் 17 சுற்றுகள். ஆட்டக்காரர் தன்னிஷ்டத்துக்கு அணி மாறுவது ஏறக்குறைய நடக்காத காலம் அது. ஆகவே டிராஃப்டில் கோட்டைவிட்டதைப் பிறகு பணம் கொடுத்துச் சரிசெய்ய வழியில்லை. இது தெரிந்திருந்தும், 1957 முதல் 1964 வரை பயிற்சியாளராக இருந்த பட்டி பார்க்கர் வரப்போகும் ஆண்டுகளின் டிராஃப்ட் வாய்ப்புகளை மற்ற அணிகளுக்குக் கொடுத்து, ஆடி ஓய்ந்த மூத்த ஆட்டக்காரர்களை வாங்கிக்கொண்டிருந்தார். விதைநெல்லை விற்றுச் சோறு பொங்கிய கதைதான். 1968-ல் வெற்றி 2, தோல்வி 11, டிரா 1. பயிற்சியாளர் பில் ஆஸ்டினை நீக்கினார்கள்.

அடுத்த ஆளைத் தேடும் பொறுப்பு ரூனியின் மூத்த மகன் டான் ரூனியிடம் வந்தது. முதலில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜோ பட்டர்னோவைக் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். பிறகுதான் நால். கிளீவ்லேண்டில் பால் பிரவுனிடம் ஆட்டக்காரராக இருந்தவர், சான் டியேகோவில் சிட் கில்மனிடம் உதவிப் பயிற்சியாளர், பால்டிமோரில் டான் ஷுலாவிடம் தடுப்பாட்டப் பொறுப்பு. அந்தக் காலத்தில் இதைவிட நல்ல குருகுலம் கிடையாது. 1969 ஜனவரி 12-ல் பால்டிமோர் மூன்றாவது சூப்பர் பவுலில் நியூயார்க் ஜெட்ஸிடம் தோற்றது. இரண்டு வாரம் கழித்து, ஜனவரி 27-ல், நால் ஸ்டீலர்ஸ் பயிற்சியாளர். மறுநாளே டிராஃப்ட்.

அவர் கைக்கு வந்த அணியில் என்ன இருந்தது? அனுபவசாலிகளில் லைன்பேக்கர் ஆண்டி ரசல், சென்டர் ரே மேன்ஸ்ஃபீல்ட், 1968-ல் லீகிலேயே அதிக யார்டு பிடித்த ரிசீவர் ராய் ஜெஃபர்சன். குவாட்டர்பேக் இடம் வெறும் காலி. முதல் கூட்டத்தில் நால் ஆட்டக்காரர்களிடம் நீங்கள் தோற்பதற்குக் காரணம் முயற்சி போதாதது அல்ல, உங்களில் பெரும்பாலோருக்குத் திறமை போதாது, ஆகவே மாற்றப்போகிறேன் என்ற அர்த்தத்தில் பேசினார். ரசல் அதைப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். நால் சொன்னபடியே செய்தார். பயிற்சியாளரோடு ஒத்துப்போகாத ஜெஃபர்சனையே 1970-ல் பால்டிமோருக்கு அனுப்பினார். அணியின் சிறந்த ஆட்டக்காரரை, அதுவும் 1–13 என்று தோற்ற கையோடு அனுப்பத் துணிச்சல் வேண்டும். ஜெஃபர்சன் அந்தச் சீசனிலேயே பால்டிமோரில் சாம்பியன் ஆனார். ஊர் நாலைத் திட்டித் தீர்த்தது.

நாலின் முதல் டிராஃப்ட் தேர்வு நார்த் டெக்சஸ் ஸ்டேட்டின் ஜோ கிரீன். யார் இந்த ஜோ என்று உள்ளூர்ப் பத்திரிகை தலைப்பு போட்டது. பத்தாவது சுற்றில் அர்கன்சாஸ் ஏ.எம். அண்ட் என். கல்லூரியிலிருந்து எல்.சி. கிரீன்வுட் வந்தார். அந்த வருஷம் 13 தோல்விகளையும் இந்த இருவரைப் போன்ற பையன்களை வைத்துக்கொண்டுதான் நால் தாங்கினார். நடுச் சீசனில் திட்டத்தை மாற்றவில்லை, மேடைப் பேச்சு பேசி உசுப்பவும் இல்லை. எந்தக் காலை முன்னே வைக்க வேண்டும், கை எந்த உயரத்தில் மோத வேண்டும் என்று ஆரம்பப் பள்ளி வாத்தியார் மாதிரி சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.

கிரீன்வுட் போன்றவர்களை மற்ற அணிகள் ஏன் பத்தாவது சுற்றுவரை விட்டுவைத்தன? இங்கேதான் பில் நன் வருகிறார். பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பின மக்களின் வாரப் பத்திரிகையில் விளையாட்டுப் பகுதி ஆசிரியராக இருந்தவர். தெற்கே உள்ள கறுப்பினக் கல்லூரிகளின் ஆட்டங்களை நேரில் பார்த்து, ஆண்டுதோறும் அவற்றின் சிறந்த அணியைப் பத்திரிகையில் அறிவிப்பார். பெரும்பாலான தொழில்முறை அணிகள் அந்தக் கல்லூரிகளைப் பெயருக்குத்தான் எட்டிப்பார்த்தன. நன்னுக்கோ பயிற்சியாளர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைவரை பழக்கம். ஸ்டீலர்ஸ் நடந்துகொள்ளும் விதம் பிடிக்காமல் அவர்கள் பக்கமே போகாமல் இருந்தார். அதைக் கேள்விப்பட்ட டான் ரூனி அவரை அழைத்து, குறையைக் கேட்டு, அணியிலேயே வேலை கொடுத்தார். இந்தக் கதையில் ரூனி குடும்பம் எடுத்த மிக நல்ல முடிவு இதுதான் என்பேன். குற்றம் சொன்னவரை எதிரியாக்காமல், ஆள் தேடும் ஸ்கவுட் ஆக்கினார்கள். டானின் தம்பி ஆர்ட் ஜூனியர் ஆள் தேர்வுப் பிரிவை நடத்தினார். நாலும் நன்னும் அவரும் சேர்ந்து உட்கார்ந்த அறையில்தான் அணி பிறந்தது.

1969-ல் சிகாகோ பியர்ஸும் 1–13தான். அவர்களுடைய ஒரே வெற்றி ஸ்டீலர்ஸிடம் வாங்கியது! 1970 டிராஃப்டில் முதல் வாய்ப்பு யாருக்கு என்று காசு சுண்டிப் பார்த்தார்கள். பிட்ஸ்பர்க் ஜெயித்தது, லூயிசியானா டெக்கின் டெர்ரி பிராட்ஷா வந்தார். அதே டிராஃப்டின் மூன்றாவது சுற்றில் சதர்ன் பல்கலைக்கழகத்தின் மெல் பிளன்ட். முதல் சீசனில் பிராட்ஷா எதிரணிக்குக் கொடுத்த பந்துகள் 24. டச்டவுன் ஆக்கியவை 6. ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். வெற்றிக் கணக்கு மட்டும் மெதுவாக ஏறியது: 1970-ல் 5, 1971-ல் 6. 1971 டிராஃப்டில் வந்த ஜாக் ஹாம், டுவைட் ஒயிட், எர்னி ஹோம்ஸ், மைக் வாக்னர், லாரி பிரவுன், ஜெர்ரி மல்லின்ஸ் எல்லோரும் பிறகு நிலையான ஆட்டக்காரர்கள். கிரீன், கிரீன்வுட், ஹோம்ஸ், ஒயிட் நால்வரும் சேர்ந்த முன்வரிசைக்குத்தான் எஃகுத் திரை என்று பெயர் வந்தது.

பயிற்சியாளர் குழுவையும் நால் இதே பொறுமையோடு சேர்த்தார். 1972-ல் பட் கார்சன் வந்து பின்வரிசைத் தடுப்பை மாற்றி அமைத்தார். ஜார்ஜ் பெர்லஸ் முன்வரிசையைப் பார்த்துக்கொண்டார். கிரீனை எதிரே நேராக நிறுத்தாமல், சென்டருக்கும் கார்டுக்கும் இடையிலுள்ள சந்தில் சாய்வாக நிறுத்தும் உத்தி 1974-ல் வந்தது. அவர் ஒருவரைத் தடுக்க இரண்டு பேர் தேவைப்பட, பின்னால் நின்ற லைன்பேக்கர்கள் தொந்தரவில்லாமல் ஓடினார்கள்.

1972-ல் ஃபிராங்கோ ஹாரிஸ் சேர்ந்தார், 11 வெற்றி. டிசம்பர் 23, ஓக்லாண்ட் ரெய்டர்ஸோடு பிளேஆஃப். 7–6 என்று பின்தங்கி, 22 விநாடி மிச்சமிருக்கையில் பிராட்ஷா வீசிய பந்து மோதலில் சிதறித் திரும்ப, அது தரையைத் தொடுமுன் ஹாரிஸ் அள்ளிக்கொண்டு ஓடினார். 13–7. உள்ளூர் ஆட்டத்தை உள்ளூர்த் தொலைக்காட்சியில் காட்டக்கூடாது என்பது அன்றைய விதி. என் பெரியவர் ரேடியோவில்தான் கேட்டார். தோல்வி நிச்சயம் என்று பையன்களுக்கு ஆறுதல் சொல்ல லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்த ஆர்ட் ரூனி, 40 ஆண்டுக் காத்திருப்பின் பலனைக் கண்ணால் பார்க்கவே இல்லை.

அடுத்த வாரமே மயாமியிடம் தோற்றார்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு அதிர்ஷ்டப் பந்து கோப்பை தராது. கோப்பை தந்தது 1974 டிராஃப்ட்: லின் ஸ்வான், ஜாக் லாம்பர்ட், ஜான் ஸ்டால்வர்த், மைக் வெப்ஸ்டர். நால்வரும் பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மன்றத்தில் இடம்பெற்றார்கள். ஒரே டிராஃப்டில் வேறெந்த அணியும் இதைச் செய்ததில்லை. அலபாமா ஏ. அண்ட் எம். கல்லூரியின் ஸ்டால்வர்த் ஈரத் தரையில் ஓடியதைப் பார்த்து மற்ற ஸ்கவுட்கள் கிளம்பிவிட, நன் மட்டும் உடம்பு சரியில்லை என்று தங்கி, காய்ந்த தரையில் அவரை மறுபடி ஓடவைத்து நேரம் பார்த்தார் என்று சொல்வார்கள். யாருமே எடுக்காமல் விட்ட சவுத் கரோலினா ஸ்டேட்டின் டானி ஷெல்லையும் நன் அழைத்துவந்தார். அவரும் இப்போது ஹால் ஆஃப் ஃபேமில். அந்தக் கோடையில் மூத்த ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் நாலுக்குப் புதியவர்களைச் சொல்லிக்கொடுக்கக் கூடுதல் நாள் கிடைத்தது.

குவாட்டர்பேக் கேள்வி அப்போதும் தீரவில்லை. 1974-ன் முதல் ஆறு ஆட்டங்களை டென்னசி ஸ்டேட்டின் ஜோ கில்லியம் தொடங்கினார். பிறகுதான் பிராட்ஷா இடத்தைத் திரும்பப் பிடித்தார். வியட்நாமில் காலில் குண்டுக் காயம் பட்டுத் திரும்பிய ராக்கி பிளையர் ஹாரிஸுக்குத் துணையாக ஓடினார். 1975 ஜனவரி 12, நியூ ஆர்லியன்ஸில் சூப்பர் பவுல். மினசோட்டா வைக்கிங்ஸ் ஓடி எடுத்தது 17 யார்டு. ஹாரிஸ் ஒருவரே எடுத்தது 158. 16–6. அடுத்த ஐந்து சீசன்களில் இன்னும் மூன்று கோப்பைகள். 1969 முதல் 1974 வரை டிராஃப்டில் எடுத்தவர்களில் மட்டும் 9 பேர் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள்.

இதே பொறுமைக்கு விலையும் உண்டு. 1980-க்குப் பிறகு நாலால் இரண்டாம் முறை அணியைக் கட்ட முடியவில்லை. 1983-ல் இன்னொரு பிட்ஸ்பர்க் பையனான குவாட்டர்பேக் டான் மரினோவை விட்டுவிட்டு வேறொருவரை எடுத்தார்கள். யூனிடஸ் கதை மறுபடியும்! 1988-ல் 5 வெற்றி, 11 தோல்வி. அதே ஆண்டுகளில் ஊரில் எஃகாலைகள் ஒவ்வொன்றாக மூடின. இருந்தும் நால் 1991 முடிய இருந்துவிட்டுத் தாமாகவே விலகினார்.

இன்று ஆட்டக்காரர்கள் அணி மாறலாம். சம்பளத்துக்கு மேல்வரம்பும் இருக்கிறது. ஆறு டிராஃப்டில் சேர்த்த அணியை அப்படியே பத்து வருஷம் வைத்திருப்பது இனி நடக்காத காரியம். மாறாதவை இரண்டுதான்: மற்றவர்கள் பார்க்காத இடத்தில் போய்ப் பார்க்கும் ஆள், முதல் வருஷத் தோல்விக்குப் பயப்படாத முதலாளி. அணியைப் புதிதாகக் கட்டுகிறோம் என்று யார் அறிவித்தாலும், நீங்கள் ஆட்டக்காரர் பட்டியலைப் படிக்கும் முன் அந்த முதலாளி எத்தனை பயிற்சியாளர்களை அனுப்பியிருக்கிறார் என்று பாருங்கள். 1969 தொடங்கி 2006 முடிய 38 சீசன்களில் ஸ்டீலர்ஸுக்கு இருந்த தலைமைப் பயிற்சியாளர்கள் இரண்டே பேர்: சக் நால், பில் கவர்.