மலைவீதியும் கேம்சாப்ட்டும்

கண்டி இராச்சியம் 1815 வரை அந்நியர் ஆட்சிக்கு உட்படாது நிலைத்தமைக்கு மலைகளும் கணவாய்களும் அரணாக அமைந்தமை வரலாற்று மாணவர் அறிந்ததே. அம்மலைகள் பின்னர் வந்த இயந்திரங்களுக்கும் எளிதில் வழிவிடவில்லை. கப்டன் டோசனின் மேற்பார்வையில், கடுகண்ணாவைக் கணவாயூடாகக் கொழும்பு–கண்டி வீதி 1820களில் அமைக்கப்பட்டது. 1867இல் கண்டியை அடைந்த புகையிரதமும் அதே கணவாயில், ஏறத்தாழ 45 அடிக்கு ஓரடி உயரும் பாதையில் ஏறவேண்டியிருந்தது. இதற்கு முன்னரே, 1854இல், ஜோன் வோக்கர் கண்டியில் ஒரு தொழிலகத்தை நிறுவிக் கோப்பித் தோட்டங்களின் இயந்திரத் தேவைகளை நிறைவுசெய்தார். ஆகவே, இயந்திரத்தை மலைநாட்டின் தேவைக்கு இசைவிக்கும் முயற்சி இப்பகுதிக்குப் புதியதன்று. மோட்டார் வண்டிக் காலத்தில் அம்முயற்சியை விளக்குதற்கு ஏற்றதொரு சான்று கேம்சாப்ட் ஆகும்.

எஞ்சினின் வால்வுகள் எப்பொழுது திறக்கவேண்டும், எவ்வளவு உயரவேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்கவேண்டும் என்பவற்றை இத்தண்டிலுள்ள முட்டை வடிவப் புடைப்புகளே நிருணயிக்கின்றன. கிராங்க்சாப்ட் இருமுறை சுழல, இது ஒருமுறை சுழலும். புடைப்பின் அடிவட்டத்தைச் சாணைபிடித்துக் குறைத்தால், முனையின் உயரம் மாறாமலே வால்வு கூடுதலாக உயரும். பக்கங்களின் வடிவை மாற்றினால் அது நீண்டநேரம் திறந்திருக்கும். அதிவேகச் சுழற்சியில் எஞ்சின் தாராளமாக மூச்சுவிடும். ஆயின், குறைந்த வேகத்தில் அதன் இழுவிசை தளரும். இங்கு ஆற்றல் புதிதாகப் பிறப்பதில்லை எனலாம். ஓரிடத்தில் இழந்ததே மற்றோரிடத்தில் பெறப்படுகின்றது.

பந்தயக்காரருக்கு இவ்விழப்பு பெரிதன்று. நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தில் வெற்றியை முடிவுசெய்வது சில கணங்களே. 1959இல் வெளிவந்த மினி காரின் 848 சீசீ எஞ்சின் 34 பரிவலு கொண்டது. 1961இல் வந்த மினி கூப்பரின் 997 சீசீ எஞ்சின் 55 பரிவலு தந்தது. பெருக்கிய கொள்ளளவு, இரட்டைக் காபுரேற்றர் ஆகியவற்றுடன் மாற்றியமைத்த கேம்சாப்ட்டும் இதற்குக் காரணமாயிற்று. ஆனால், குடும்பத்தையும் பொதியையும் ஏற்றிக் கடுகண்ணாவையில் மெல்ல ஏறும் மொறிஸ் மைனருக்கு வேண்டியது தாழ்வேக இழுவிசையே. அதன் எஞ்சினும் மினியின் எஞ்சினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை; இரண்டின் தேவைகளோ வேறு.

1960களில் இறுகி 1977 வரை நீடித்த இறக்குமதிக் கட்டுப்பாடு இவ்வேறுபாட்டை மேலும் கூர்மையாக்கிற்று. புதிய உதிரிப்பாகம் அரிதாகவே, தேய்ந்ததைச் சாணைபிடித்து மீளப் பயன்படுத்துதல் பட்டறைகளின் அன்றாடத் தொழிலாயிற்று. அளவுக்கு மீறிச் சீவினால், தண்டின் கடினமான மேற்படை நீங்கி அது விரைவில் தேயும். நீங்கிய உலோகத்தைச் சாணைக்கல் திருப்பித் தராது. எனவே, எவ்வளவு சீவலாம் என்பதினும் எங்கே நிறுத்தவேண்டும் என்பதே தொழிலாளி அறியவேண்டிய நுட்பமாக இருந்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தபொழுது, பழைய வண்டியைப் பேணும் கைத்திறனின் பெறுமதி மறுபடியும் உணரப்பட்டது. பொறிநுட்ப வரலாறு புதுப்புனைவாளரின் வரலாறு மாத்திரமன்று. கையிலிருந்த பொருளின் எல்லையை அறிந்து, மண்ணின் தேவைக்கேற்ப அதனைத் திருத்தியோரின் வரலாறும் அதுவே. எண்ணெய் படிந்த பட்டறைகளில் எழுதப்படாது கிடக்கும் அவ்வறிவைத் தொகுத்தல் பல்கலைக்கழகத்தார் மேற்கொள்ளவேண்டிய பணியாகும்.